டைமண்ட் கொடுத்தவரின் தலைவலி

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

"எனக்கு 44 வயது. வங்கி வேலை. ராத்திரி சாப்பிட்டதும் செஸ்.காம் இணையதளத்தில் இரண்டு ஆட்டமாவது ஆடாவிட்டால் தூக்கம் வராது. அங்கே தமிழர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கிளப்பில் இருக்கிறேன். சுமார் 300 பேர். சேலம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், துபாய் என்று பல ஊர்க்காரர்கள். வாட்ஸ்அப் குழுவும் உண்டு.

போன தீபாவளிக்குப் போனஸ் வந்த சந்தோஷத்தில், கிளப்பில் நன்றாக ஆடும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அந்தத் தளத்தின் கட்டண மெம்பர்ஷிப்பான டைமண்டை ஒரு வருடத்துக்குக் கிஃப்ட் செய்தேன். அட்மின் அதைக் குழுவில் போட்டு, என் படத்தோடு பாராட்டினார். அன்றிலிருந்து தனிச் செய்திகள் வர ஆரம்பித்தன. 'ப்ரோ, எனக்கும் ஒண்ணு போடுங்க' என்று முகம் தெரியாத ஆட்கள். போன மாதம் அந்தப் பையனின் அப்பா: 'சார், தீபாவளி வருது. தம்பியோட டைமண்ட் முடியப்போகுது. ஞாபகப்படுத்தறேன்.' பையன் இப்போது பத்தாவது. முன்பு போல் ஆடுவதும் இல்லை. கொடுத்த பிறகு என்னோடு ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை, ஒரு 'தேங்க்ஸ் அங்கிள்' தவிர வேறு பேச்சும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒருவரும் கேட்டிருக்கிறார். 'அண்ணை, ரெண்டு பிள்ளையளுக்கு ஆறு மாசத்துக்கு எண்டாலும் உதவ ஏலுமோ? ஏலாட்டிப் பரவாயில்லை, நாங்கள் லீசெஸ்ஸில தொடருவம்' என்று எழுதினார். லீசெஸ் என்பது இன்னொரு செஸ் தளம், இலவசம். மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. என் மனைவி, 'ஒரு தடவை கொடுத்தா மாசச் சம்பளம்னு நினைச்சுக்கறாங்க, எல்லாத்தையும் நிறுத்துங்க' என்கிறார்.

இப்படிக் கேட்பது நாகரிகமா? எப்படி மறுப்பது? யார் மனமும் நோகாமல் கொடுக்க வழி உண்டா? என் மகள் பார்க்கும் யூடியூப் லைவில் முகம் தெரியாதவர்கள் மெம்பர்ஷிப்பை அள்ளி வீசுகிறார்கள், அங்கே இந்தப் பிரச்சினையே இல்லையே?"

வணக்கம்.

பையனின் அப்பா மேல் உங்களுக்குக் கோபம். எனக்கு வரவில்லை. அவர் எழுதிய விதம் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு சார், பையனின் ஆட்டம் பிடித்துப்போய் ஒரு வருடத்துக்கு வாங்கிக் கொடுத்தார். இது இந்த ஒரு தடவைதானா, பையன் பள்ளி முடிக்கும் வரையா, யாரும் சொல்லவில்லை. செஸ்.காமில் கிஃப்டாக வரும் மெம்பர்ஷிப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. தேதி முடிந்தால் கணக்கு இலவசக் கணக்காகிவிடும். அந்தத் தேதி நெருங்கும்போது வீட்டில் பேச்சு வரும். 'சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கப்பா' என்று பையனே சொல்லியிருக்கலாம். 'இந்த ஒரு வருடத்துக்கு என் தீபாவளிப் பரிசு' என்ற ஒரு வரி அன்றைக்கே போயிருந்தால் இந்தச் செய்தி வந்திருக்காது.

இணையக் குழுக்களை நிர்வகிப்பதுதான் என் பிழைப்பு. விளையாட்டு, படிப்பு, போட்டோகிராபி என்று பல வகைக் குழுக்கள். மெம்பர்ஷிப் பரிசளித்து மனக்கசப்பு வந்த இடங்களில் பேராசைக்காரர்களை நான் பார்த்தது குறைவு. காலக்கெடு சொல்லாமல் கொடுத்தவர்களையும், அந்த மௌனத்துக்குத் தங்களுக்குத் தோன்றிய பொருளை எடுத்துக்கொண்டவர்களையும்தான் அதிகம் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 'என்னோடு ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.' கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த வரிதான். மொய் எழுதும்போது நம் ஊரில் என்ன செய்வோம்? பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். சில ஊர்களில் மைக்கிலும் வாசிப்பார்கள். பேராவூரணி, ஆலங்குடிப் பக்கம் அதற்கென்றே மொய் விருந்து வைப்பார்கள். வாங்குகிறவருக்கு அது திரும்பப் போக வேண்டிய பணம் என்று தெரியும், கொடுக்கிறவருக்கும் தெரியும். அதில் ஒளிவுமறைவு கிடையாது. உங்கள் டைமண்டில் நோட்டு உங்களிடம் மட்டும் இருக்கிறது. வாரம் ஒரு ஆட்டம், அவ்வப்போது ஒரு விசாரிப்பு, குழுவில் இரண்டு நல்ல வார்த்தை என்று அதில் எழுதி வைத்திருக்கிறீர்கள். பையன் அந்த நோட்டைப் பார்த்ததே இல்லை. அட்மின் படம் போட்டுப் பாராட்டியது அதை இன்னும் மொய்யாக்கிவிட்டது. ஊருக்கெல்லாம் உங்கள் பெயர் வாசித்தாகிவிட்டது, வரவு மட்டும் இல்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கொடுக்கும் எல்லோர் மனதிலும் இப்படி ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருக்கும். கொடுப்பதற்கு முன்னால் அதைத் தனக்குத் தானே சொல்லிப் பார்ப்பது நல்லது. 'இவன் நாளைக்கே செஸ் ஆடுவதை நிறுத்திவிட்டால் எனக்கு வலிக்குமா?' வலிக்கும் என்றால் ஒரு வருடத்துக்குப் பதில் ஒரு மாதத்துக்குக் கொடுங்கள்.

பத்தாவது படிக்கும் பையன் ஆடாமல் இருப்பதில் எந்த அதிசயமும் இல்லை. பொதுத்தேர்வு வருடத்தில் நம் வீடுகளில் முதலில் பூட்டப்படுவது போன்தான்.

இங்கே கொஞ்சம் கறாராக ஒன்றைச் சொல்ல வேண்டும். 44 வயதுக்காரர் ஒருவர் 14 வயதுப் பையனுக்கு நேரடியாகப் பரிசு அனுப்பிவிட்டு, அவன் தன்னோடு தனியாக ஆடுவான், பேசுவான் என்று காத்திருப்பது, உங்கள் மனம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நான் நடத்தும் எந்தக் குழுவிலும் அனுமதிக்க மாட்டேன். காரணம் நீங்கள் அல்ல. இதே வழியில் வேறு நோக்கத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் பரிசு, பிறகு 'உனக்கு நான் எவ்வளவு செஞ்சிருக்கேன்' என்ற பேச்சு. பெரியவர்களிடமிருந்து தனியாகப் பரிசு வருவது பிள்ளைகளுக்குப் பழகிப்போகக் கூடாது. சிறுவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் முதல் செய்தி அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போக வேண்டும். அவர்கள் சரி என்ற பிறகே பரிசு. நன்றி சொல்வதும் அவர்கள் வழியாக வந்தால் போதும். அந்த வகையில் அப்பாவே உங்களுக்குச் செய்தி அனுப்பியது ஒரு விதத்தில் நல்ல சங்கதிதான்.

கேட்பது நாகரிகமா என்கிறீர்கள். கேட்பதில் இழிவு ஏதும் இல்லை. ஆனால் கேட்கும் விதத்தில் நிறைய இருக்கிறது. உங்கள் இன்பாக்ஸிலேயே இரண்டு மாதிரியும் கிடக்கின்றன. 'ப்ரோ, எனக்கும் ஒண்ணு போடுங்க' என்பவர் இதையே இன்னும் இருபது பேருக்கு அனுப்பியிருப்பார். அவருக்கு உங்களைத் தெரியாது, எதற்கு வேண்டும் என்று அவரே யோசிக்கவில்லை. அதற்குப் பதில் போட வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது. மௌனம் போதும். தொடர்ந்து வந்தால் அட்மினிடம் சொல்லுங்கள்.

யாழ்ப்பாண ஆசிரியை கேட்டதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். யாருக்கு என்று சொல்லிவிட்டார். எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று சொல்லிவிட்டார். நீங்கள் முடியாது என்றால் தாங்கள் என்ன செய்வோம் என்பதையும் சொல்லி, மறுப்பதற்கான கதவை அவரே திறந்து வைத்திருக்கிறார். 'நீங்க மட்டும்தான் கதி' என்று எழுதவில்லை. பிள்ளைகளின் வறுமையை நாலு பத்திக்கு விவரித்து உங்கள் கண்ணில் தண்ணீர் வரவழைக்கப் பார்க்கவில்லை. கேட்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. இதைப் படிக்கும் யாராவது ஒரு குழுவில் மெம்பர்ஷிப் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தால், அவருடைய நாலு வரியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் அதே ஆளோடு வழக்கம் போல ஆடுங்கள். கேட்டவர் அதற்குப் பிறகு எப்படிப் பழகுகிறார் என்பதில்தான் குழுவின் ஆரோக்கியம் தெரியும்.

பொதுக் குழுவில் வைத்துக் கேட்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் வேண்டாம் என்பேன். 300 பேர் பார்க்கும் இடத்தில் ஒருவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவரால் முடியாது என்று சொல்ல முடியாமல் போகும். யார் பெயரும் சொல்லாமல் பொதுவாகக் கேட்டால், கேட்டவருக்கு யாரும் கொடுக்காதபோது அது அங்கேயே கிடந்து அவரை உறுத்தும். அட்மினிடம் தனியாகச் சொல்வதுதான் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

இனி, கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய விஷயம். அந்த மெம்பர்ஷிப் உண்மையிலேயே தேவைதானா?

செஸ்.காமில் காசு கட்டாதவர்களும் வேண்டிய அளவு ஆடலாம், கிளப்பில் சேரலாம், கிளப் போட்டிகளில் கலந்துகொள்ளலாம். பசில்களும், ஆடிய ஆட்டத்தை அலசிச் சொல்லும் கேம் ரிவ்யூவும் இலவசக் கணக்கில் அளவோடுதான் கிடைக்கும். கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று ஏற ஏற அந்த அளவு தளரும், பாடங்கள் கூடும். இதெல்லாம் நல்ல வசதிகள்தான். ஆனால் ஆசிரியை சொன்ன லீசெஸ் இருக்கிறதே, 2010-ல் திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. இப்போது லாப நோக்கமில்லாத அமைப்பாக, நன்கொடையில் நடக்கிறது. விளம்பரம் கிடையாது. பசில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் கணினி நிரலை வைத்து ஆட்டத்தை அலசலாம், தவறு செய்த இடத்துக்கே திரும்பிப் போய்ச் சரியான காயை நகர்த்திப் பழகலாம். செஸ்.காமில் ஆடிய ஆட்டத்தின் பதிவை எடுத்துவந்து அங்கே ஒட்டினாலும் அலசித் தரும். எல்லாம் இலவசம். மாதாமாதம் நன்கொடை தரும் பேட்ரன்களுக்கும், ஒரு பைசா தராதவர்களுக்கும் வசதியில் வித்தியாசமே இல்லை. பேட்ரன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிறகு வரும், அவ்வளவுதான். அந்தச் சிறகையும் இன்னொருவருக்குப் பரிசாகத் தரலாம் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும் சமாச்சாரம். எந்தப் பயனும் இல்லாத ஒன்றைப் பரிசளித்து மகிழ்வதில் ஒரு அழகு இருக்கத்தான் செய்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்கிற பலருக்கு முதல் உதவி, லீசெஸ்ஸில் இதை இதை இப்படிச் செய்யலாம் என்று காட்டிக்கொடுப்பது. ஆனால் பார்த்துச் சொல்லுங்கள். 'அங்கதான் எல்லாம் ஓசியில கிடைக்குதே, அப்புறம் எதுக்கு எங்கிட்ட கேக்கற?' என்ற தொனி வந்தால், கொடுக்காததைவிட மோசம். கூடவே, மனிதர்கள் வசதிக்காக மட்டும் மெம்பர்ஷிப் கேட்பதில்லை. குழுவில் நாலு பேர் பெயருக்குப் பக்கத்தில் சின்னம் இருக்கிறது, தனக்கு இல்லை என்பதும் ஒரு காரணம். அதைச் சின்னத்தனம் என்று ஒதுக்க மாட்டேன். நானும் நீங்களும் கல்யாண வீட்டில் எந்த வரிசையில் உட்கார வைத்தார்கள் என்று பார்க்கிறவர்கள்தான்.

செஸ் ஆடும் பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டால் உண்மையான செலவு வேறு இடத்தில் இருப்பது தெரியும். ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) தரும் டோர்னமென்டின் நுழைவுக் கட்டணம், கோச்சிங் ஃபீஸ், வெளியூர்ப் போட்டிக்கு ரயில் டிக்கெட், இரண்டு ராத்திரி லாட்ஜ். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததும், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதும் எத்தனையோ வீடுகளில் செஸ் போர்டை வாங்க வைத்தன. அந்த வீடுகளில் பல மூன்றாவது டோர்னமென்டிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். உங்களுக்கு வருடத்துக்கு ஒரு தொகை ஒதுக்க முடியும் என்றால், ஒரு பிள்ளையின் ஒரு டோர்னமென்டுக்கு நுழைவுக் கட்டணம் கட்டுவது டைமண்டைவிட அதிகம் உதவக்கூடும். அந்தப் பணத்தையும் போட்டி நடத்துகிறவர்களிடமே நேராகக் கட்டிவிடலாம்.

மறுப்பதைப் பற்றி. நீண்ட விளக்கம் எழுதாதீர்கள். வீட்டுக் கடன், மகளின் காலேஜ் ஃபீஸ் என்று காரணம் அடுக்கினால் கேட்டவர் அதில் ஒவ்வொன்றாகத் தீர்வு சொல்ல ஆரம்பிப்பார். அல்லது அடுத்த வாரம் நீங்கள் வேறு ஒருவருக்குக் கொடுத்ததைப் பார்த்து, சொன்னதெல்லாம் பொய் என்று நினைப்பார். 'பார்க்கலாம்' என்பதும் வேண்டாம். அது நம் ஊரில் இல்லை என்று சொல்ல மனம் வராதவர்களின் சொல், ஆனால் கேட்கிறவர் காதில் ஆமாம் என்றுதான் விழும். பையனின் அப்பாவுக்கு இப்படி எழுதலாம்:

'வணக்கம் அண்ணே. தம்பிக்குப் போன வருஷம் கொடுத்தது என்னோட ஒரு வருஷத்துத் தீபாவளிப் பரிசு. அன்னிக்கே இதை நான் தெளிவா சொல்லியிருக்கணும். இந்த வருஷம் புதுப்பிக்கலை. அவன் ஆடின ஆட்டமும் ரேட்டிங்கும் எங்கயும் போகாது, கணக்கு அப்படியே இருக்கும். பத்தாவது பரீட்சைக்கு வாழ்த்துகள், முடிஞ்சதும் கிளப் மேட்ச்சுக்கு வரச் சொல்லுங்க.'

இதில் அவர் கேட்டது தப்பு என்ற குறிப்பு எங்கேயும் இல்லை, உங்கள் முடிவும் வழவழ என்று இல்லை. அனுப்பிய பிறகு ப்ளூ டிக் வந்ததா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

யார் மனமும் நோகாமல் கொடுக்க முடியுமா? முழுக்க முடியாது. 300 பேரில் இரண்டு பேருக்குக் கொடுத்தால் மற்றவர்களில் சிலருக்கு முகம் சுருங்கத்தான் செய்யும். குறைக்க வழி உண்டு. உங்கள் அட்மினிடம் பேசி, கொடுக்க விரும்புகிறவர்கள் அவரிடம் சொல்ல, வேண்டும் என்கிறவர்களும் அவரிடமே தனியாகச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். அவர் இரண்டு பட்டியலையும் தன்னிடமே வைத்துக்கொண்டு உங்களுக்கு ஒரு யூசர்நேம் மட்டும் தருவார். வாங்குகிறவருக்கு 'கிளப் சார்பில்' என்று போகட்டும். அதில் நன்றிக்கடன் ஒரு ஆளின் தலையில் விழாது. உங்கள் படமும் வேண்டாம், பையனின் படமும் வேண்டாம். இந்த ஏற்பாட்டுக்கு அட்மின் கொஞ்சம் நம்பகமானவராக இருக்க வேண்டும். அவரே தன் அக்கா மகனுக்குத் தள்ளிவிடுகிற ஆளாக இருந்தால் நீங்கள் தனியாகவே கொடுத்துக்கொள்ளலாம்.

போட்டி வைத்துப் பரிசாகக் கொடுக்கலாமே என்று தோன்றும். கௌரவமான வழிதான், வாங்குகிறவர் ஜெயித்து வாங்கியதாக இருக்கும். ஆனால் பெரும்பாலான கிளப்புகள் அதை முதல் பரிசாக வைக்கின்றன. முதல் பரிசை யார் ஜெயிப்பார்கள்? கிராண்ட்மாஸ்டர், இன்டர்நேஷனல் மாஸ்டர் போன்ற பட்டம் வாங்கியவர்களுக்குச் செஸ்.காம் டைமண்டை இலவசமாகவே தருகிறது. பட்டம் இல்லாத பலமான ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே காசு கட்டி வைத்திருப்பார்கள். தேவையில்லாத கையிலேயே போய்ச் சேரும். 1200 ரேட்டிங்குக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனிப் போட்டி வைத்து அதற்குப் பரிசாக வையுங்கள். அல்லது மூன்று மாதத்தில் அதிக கிளப் ஆட்டங்களை ஆடி முடித்தவருக்குக் கொடுங்கள், தோற்றாலும் சரி. விடாமல் வந்து தோற்பவர்தான் கிளப்பின் முதுகெலும்பு என்பது என் கட்சி.

உங்கள் மகள் பார்க்கும் யூடியூப் லைவ் வேறு மாதிரி இடம். அங்கே மெம்பர்ஷிப் வாங்கி வீசுகிறவர் யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில்லை. ஐந்து, பத்து, இருபது என்று வாங்குகிறார், பரிசை ஏற்கச் சம்மதம் என்று தங்கள் கணக்கின் செட்டிங்ஸில் குறித்து வைத்திருக்கும் பார்வையாளர்களில் சிலருக்கு யூடியூபே பிரித்துக் கொடுக்கிறது. ஒரு மாதம்தான், அதற்கு மேல் நீளாது. யார் கொடுத்தார் என்று தெரியும், ஆனால் அவர் வாங்குகிறவரைப் பார்த்துக் கொடுக்கவில்லை என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். பார்க்கப் போனால் அந்தப் பணம் சேனல்காரருக்கான ஆதரவு. மெம்பர்ஷிப் வருமானத்தில் 70 சதவீதம் அவருக்கு, மீதி யூடியூபுக்கு. பார்வையாளர்களுக்குக் கிடைப்பது அதன் உபரி. அதனால்தான் அங்கே கடன் ஒட்டுவதில்லை. ஏற்கிறவரின் சம்மதம் முன்னாலேயே வாங்கியாகிவிட்டது, காலம் குறித்தாகிவிட்டது, தேர்வு இல்லை. உங்கள் கிளப்பில் இந்த மூன்றுமே இல்லாமல் போனதைக் கவனியுங்கள். அங்கேயும் 'யாராச்சும் எனக்கு கிஃப்ட் பண்ணுங்க' என்று சாட்டில் விடாமல் தட்டுகிறவர்கள் உண்டு. மாடரேட்டர்கள் கொஞ்ச நேரத்துக்கு வாயை அடைத்து வைப்பார்கள். பரிசு கிடைத்தால் ஒரு முறை நன்றி சொன்னால் போதும், அதைத் தாண்டிப் புகழ வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

பாதுகாப்பு பற்றியும் எழுதிவிடுகிறேன். மெம்பர்ஷிப் பரிசாகக் கொடுக்க யூசர்நேமோ ஈமெயிலோ போதும். பாஸ்வேர்டு, ஓடிபி, கார்டு எண் எதுவும் வேண்டாம். கொடுக்கிறேன் என்று சொல்லி லிங்க் அனுப்பி 'இதுல லாகின் பண்ணு' என்பவர் கொடுக்க வரவில்லை, எடுக்க வந்திருக்கிறார். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் 'இலவச நைட்ரோ' (அதன் கட்டண மெம்பர்ஷிப்) என்று வரும் போலி லிங்குகளில் கணக்கைப் பறிகொடுத்த பிள்ளைகள் ஏராளம். கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னால் இன்னும் மோசம், அது உங்கள் கணக்கை அவர் கருவியில் திறந்துவிடும். மறுபக்கம், உங்களிடம் மெம்பர்ஷிப் கேட்டுவிட்டு, 'கிஃப்ட் வேணாம் சார், ஜிபே பண்ணிடுங்க, நானே போட்டுக்கறேன்' என்பவரிடம் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். பணக்கஷ்டம் இருக்கலாம், அப்படியானால் அது வேறு உதவி, வேறு பேச்சு. ஒரே கணக்கை அண்ணன், தம்பி, நண்பன் என்று நாலு பேர் ஆட வாங்கித் தரச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். ஒருவர் கணக்கில் இன்னொருவர் ஆடுவது செஸ்.காமில் விதிமீறல். கணக்கை மூடிவிட்டால் பரிசும் போய்விடும்.

கொடுப்பதற்கு முன் 'இப்ப ஏதாவது பிளான் கட்டிட்டு இருக்கீங்களா?' என்றும் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே கார்டிலிருந்து தானாகப் பணம் போய்க்கொண்டிருக்கும் கணக்கின் மேல் பரிசு ஏறினால் வீண் குழப்பம்.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. எல்லோருக்கும் கொடுப்பதை நிறுத்துங்கள். வருடத்துக்கு எவ்வளவு என்று இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அது தீர்ந்ததும் அந்த வருடக் கணக்கு முடிந்தது. 'இந்த வருஷத்துக்கு ஒதுக்கினது முடிஞ்சுது' என்பது பொய் கலக்காத மறுப்பு, அதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமும் இருக்காது. வீட்டுக்குத் தெரியாமல் கொடுப்பதாக இருந்தால் அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

ஆசிரியைக்கு இன்றைக்கே பதில் போடுங்கள். அத்தனை கவனமாகக் கேட்டவரை மூன்று வாரம் காக்க வைத்தது சரியில்லை. 'தாமதத்துக்கு மன்னிக்கணும் டீச்சர்' என்று ஆரம்பித்து, பிள்ளைகளுக்கு என்ன வயது என்று கேளுங்கள். 13 வயதுக்குக் குறைவு என்றால் செஸ்.காமில் கணக்கு வேண்டாம், சிறுவர்களுக்காக அவர்களே நடத்தும் செஸ்கிட் இருக்கிறது. அங்கே பெற்றோரோ பயிற்சியாளரோ மேற்பார்வை பார்க்கலாம், கட்டண மெம்பர்ஷிப்பும் உண்டு. வயது கூடுதல் என்றால் வீட்டில் சம்மதம் வாங்கித் தரும்படி அவரிடமே சொல்லிவிட்டு, அவர் கேட்ட அதே ஆறு மாதத்துக்குக் கொடுங்கள். முடியும் தேதியை முதல் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். இந்த வருடம் முடியாது என்று நீங்களும் மனைவியும் முடிவு செய்தால் அதையும் இன்றைக்கே இரண்டு வரியில் எழுதிவிடலாம், அவர் லீசெஸ்ஸில் தன் பாடத்தைத் தொடர்வார்.